வழிமறித்தவர்

1

இந்தக் கதை எனக்கு இட்லி மாவுக் கடையில் கிடைத்தது. மனதுக்குள் வெகுநாளாய் ஊறிக் கிடந்தது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைக் கடையில், கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே, தூக்குப் பாத்திரத்தோடு நின்ற ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "நீங்கதானே கதை எழுதறவர்?" என்று கேட்டார். என்னிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் எப்படி மறுப்பது என்பதும் எனக்குத் தெரியாது.

"ஒருத்தரைக் கண்டுபிடிக்கணும் சார். நீங்க எழுதினா அவர் கண்ணுல படுமோ என்னமோ."

எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. என் கதைகள் யார் யார் கண்ணில் படுகின்றன என்று எனக்கல்லவா தெரியும். (என் மைத்துனர். பிழை திருத்துகிறவர். ஒவ்வொரு கதைக்கும் தவறாமல் போன் போட்டுத் திட்டும் தூத்துக்குடி வாசகர் ஒருவர்.)

அந்த அம்மாளின் பெயர் காமாக்ஷி. கணக்கு டீச்சர். கணவர் ஜெயராம் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர். மகள் ப்ரீதா பெங்களூரில் இருக்கிறாள். போன பங்குனி உத்திரத்தன்று கணவனும் மனைவியும் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவைக் கும்பிட மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது, இறங்கி வந்த முன்பின் தெரியாத ஒருவர் வழிமறித்து, போகாதீர்கள் என்றார். அவ்வளவுதான் விஷயம். மிச்சமெல்லாம் நான் சேர்த்தது. சேர்த்ததில் பாதி காமாக்ஷி வெட்டியது.

கோவில் எது, ஓடை எது என்று எழுதமாட்டேன். மணிமுத்தாறு பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே செல்பி எடுக்க ஆள் வந்துவிடும், பிரியாணி டப்பாவும் கூடவே வரும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பொதிகையின் உச்சியில் கருமேகங்கள் திரண்டு, காற்று ஏதோ சொல்ல வருவதுபோல்—

"மேகமே இல்லை சார்," என்றார் காமாக்ஷி. "பல்லை இளிச்சுண்டு வெயில் அடிச்சுது. அதுதானே விஷயமே."

சரி. அடுத்தது:

மலையேறுகிறவர்கள் வழியில் எதிர்ப்படும் அந்நியர் சொல்லும் எச்சரிக்கையைச் செவிமடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பது காலங்காலமாக—

இதை நானே அடித்தேன். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி வாடை அடித்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். உங்களுக்கு எத்தனை அந்நியர்கள் எத்தனை அறிவுரை சொல்லியிருப்பார்கள்? ரயிலில் எதிர் சீட்டுக்காரர் சர்க்கரை வியாதிக்கு மருந்து சொல்வார். டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர் உங்கள் வண்டி டயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். திருநெல்வேலிச் சீமையில் இதற்கெல்லாம் பஞ்சமே இல்லை. எல்லாவற்றையும் கேட்டு நடந்தால் வீட்டு வாசல்படியைத் தாண்ட முடியாது. ஒன்றையுமே கேட்காமல் நடந்தால்...

(இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரியும். அதனால் நிறுத்திக்கொண்டேன்.)

3

மூன்றாவது தொடக்கம் ஆஸ்பத்திரியில். இதைக் காமாக்ஷி வெட்டவில்லை. இனிமேல் கதைக்குள் அவரை 'அவள்' என்றே எழுதப்போகிறேன். நேரில் பேசும்போது அந்தத் தைரியம் எனக்குக் கிடையாது.

ஜெயராமுக்கு நெஞ்சில் அடைப்பு என்று உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காமாக்ஷி சாஸ்தாவிடம் ஒரு பேச்சு வைத்துக்கொண்டாள். இந்த மனுஷரைத் திருப்பிக் கொடுத்துவிடு. அடுத்த உத்திரத்துக்கு உன் வாசலுக்கு அவரைக் கூட்டிவருகிறேன். பாதி மலை வரைக்கும் போகிற ஜீப்பில் இல்லை. காலால், செருப்பில்லாமல், அடிவாரத்திலிருந்து நடத்தியே கூட்டிவருகிறேன். கணக்கு டீச்சர் ஆகையால் நிபந்தனையில் குழப்பம் எதுவும் வைக்கவில்லை.

சாமி தன் பங்கைச் செய்துவிட்டார். உத்திரமும் வந்துவிட்டது.

கோவிலுக்குப் போகும் பாதை கடைசியில் ஒரு ஓடையைத் தாண்டும். அந்தப் பாதையில் ஒரு பழக்கம் உண்டு. அது தெரியாவிட்டால் இந்தக் கதை உங்களுக்குப் புரியாது. கும்பிட்டு இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களுக்குத் தெம்பு சொல்ல வேண்டும். "இந்தா வந்துட்டு, இன்னும் ரெண்டு வளைவுதான்" என்பார்கள். ரெண்டு வளைவு தாண்டிய பிறகும் அடுத்து வருகிறவர் அதே ரெண்டு வளைவைத்தான் சொல்வார். பொய் என்று இருவருக்கும் தெரியும்; ஆனாலும் கேட்டதும் கால் கொஞ்சம் எட்டி நடக்கும். அதோடு, கிளம்பிவிட்டவரைப் பார்த்துத் 'திரும்பிப் போ' என்று யாரும் சொல்லமாட்டார்கள். சாமியிடம் போகிறவரை வழிமறித்தால் அந்தத் தடங்கல் மறித்தவர் தலையில் விடியும் என்பது நம்பிக்கை. பாதையில் யானை நின்றால்கூட, "பாத்துப் போங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.*

* யானை விஷயம் நான் சேர்த்தது. காமாக்ஷி சிரித்துவிட்டதால் வெட்டாமல் விட்டுவிட்டார்.

அன்றைக்கு ஜெயராம் நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தார். வெயில் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கிவிட்டது. ஏறுகிறவர்கள் யாரையும் காணோம், எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறும் கையில் சர்க்கரைப் பொங்கல் வாளியுமாக ஒரு குடும்பம் வந்தது. அதில் ஒரு பெண், "பைய ஏறுங்க அண்ணாச்சி. ஓடைல தண்ணி முட்டளவுதான், ஜில்லுன்னு கெடக்கு," என்று சொல்லி ஜெயராம் கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்துவிட்டுப் போனாள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். காமாக்ஷிக்கு மனசு நிறைந்திருந்தது. ஊரே சேர்ந்து தன் புருஷனை மேலே தள்ளிவிடுவதாகத் தோன்றியது.

4

அப்போதுதான் அவர் வந்தார்.

'அவர்' என்றால் எப்படிப்பட்டவர்? காமாக்ஷிக்கு முகம் ஞாபகம் இல்லை. நடுவயது. சட்டை என்ன நிறமோ. மீசை இருந்திருக்கலாம். குரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. தூரத்தில் நிற்கிறவரைக் கூப்பிடும் குரலில், பக்கத்தில் நிற்கிறவர்களிடம் பேசினார்.

"மேலயா போறீங்க? போகாதீங்க. திரும்புங்க."

நல்ல நாளும் அதுவுமாக இந்தச் சொல் காதில் விழுந்ததும் காமாக்ஷி, "சாஸ்தாவே" என்றாள். "ஏன்?" என்றார் ஜெயராம்.

"மேல மழை. ஓடை ஏறுது."

காமாக்ஷி அண்ணாந்து பார்த்தாள். பஞ்சுத் துண்டளவு மேகம்கூட இல்லை. "எங்க மழை?"

"இங்கன இல்லம்மா. உச்சில அடிக்கி. நான் இப்பதான் தாண்டி வாறேன். எறங்கும்போது முட்டளவு, பாதி ஓடையில இடுப்பளவு. ஆளைத் தள்ளுது."

"இப்போ வந்தவா எல்லாரும் முட்டளவுதான்னு சொன்னாளே," என்றார் ஜெயராம்.

"அவங்க அப்ப வந்தாங்க. நான் இப்ப வாறேன்."

"கோவிலுக்குப் போறவாளை இப்படி மறிக்கலாமா நீங்க?" என்றாள் காமாக்ஷி.

"மறிக்காம? ஏம்மா, ஒங்க வீட்டுக்காரரு மூஞ்சியப் பாருங்க. நிக்கவே முடியல. இவரா ஓடையத் தாண்டப் போறாரு?"

அதை மட்டும் அவர் சொல்லியிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் மனசுக்குள் ஓயாமல் ஓடுகிற கேள்வியை, யாரோ ஒருவர் நடுக்காட்டில் நின்று சத்தமாகக் கேட்டுவிட்டார்.

5

இங்கேதான் எனக்கும் காமாக்ஷிக்கும் தகராறு.

நான் எழுதியது இது: காமாக்ஷியின் பார்வை அவருடைய கால்சட்டைமேல் விழுந்தது. இதுவரை இறங்கியவர்களுக்கெல்லாம் முழங்கால் வரைக்கும்தான் ஈரம். இவருக்கு இடுப்பு வரை சொட்டியது. கணக்கு டீச்சர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். "வாங்கோ, திரும்பிடலாம்," என்றாள்.

நன்றாக வந்திருப்பதாக எனக்கு நினைப்பு.

"அவர் நனைஞ்சு நின்னார், ஆனா நான் கணக்கு எதுவும் போடலை சார்," என்றார் காமாக்ஷி. "என்னை ரொம்பப் புத்திசாலியாக்கிட்டேள். எனக்குக் கோபம்னா கோபம், அப்படி ஒரு கோபம். நின்னுண்டு சண்டை போட மூச்சு வரலை. அதனால அங்கேயே பாறைமேல உட்கார்ந்துண்டேன்."

"சண்டை போடவா உட்கார்ந்தீங்க?"

"பின்னே?"

ஆகவே நடந்தது இதுதான். காமாக்ஷி பாறைமேல் உட்கார்ந்து அந்த மனிதரோடு சண்டை போட்டாள். ஜெயராம் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டார். (கல்யாணமான நாளிலிருந்து இதுவே வழக்கம் என்கிறார் அவர்.)

யாரையும் கேட்காமல் யோசனை சொல்லும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது என்று கேட்டாள். கண்ணிருக்கே, அது குடுத்தது என்றார். வீட்டிலும் இப்படித்தான் கத்துவீர்களா என்றாள். இதுக்கு மேலயும் கத்துவேன் என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து பாருங்கள், தண்ணீர் இறங்கினால் போங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வாருங்கள் என்றார்.

"இன்னொரு நாள் வர முடியாது. இன்னிக்குன்னு வேண்டிண்டிருக்கேன்."

"இன்னைக்கு முடிக்கலன்னா என்ன செஞ்சிருவாரு சாமி?"

காமாக்ஷியால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் அந்த மனுஷர் பழம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவள் ஜெயராமைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. வந்தவருக்கு என்ன புரிந்ததோ, குரல் கொஞ்சம் இறங்கியது.

"சாமி அவரை ஒங்களுக்குக் குடுத்தது தண்ணில விடுததுக்கா?"

இதற்குமேல் அவளிடம் நியாயம் எதுவும் மிச்சமில்லை. நியாயம் தீர்ந்துபோனால் மனுஷர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தாள். "நீங்க கும்பிட்டுட்டு வந்துட்டேள். ஒங்களுக்கென்ன?" என்று கத்தினாள்.

அவர் ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "எக்கேடும் கெட்டுப் போங்க!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கினார். வளைவில் திரும்பி ஒரு தடவை பார்த்தார். அந்நேரம் காமாக்ஷி எழுந்து, ஜெயராமுக்குக் கைகொடுத்துத் தூக்கி, மேலே நடக்கத் தொடங்கியிருந்தாள்.

கொஞ்ச தூரத்திலேயே சத்தம் கேட்டது. லாரியில் ஜல்லி கொட்டுகிற சத்தம். விடாமல் கொட்டிக்கொண்டே இருந்தது. கடைசி வளைவைத் தாண்டியதும் பார்த்தார்கள். ஓடை இல்லை, செம்மண் நிறத்தில் ஒரு ஆறு போய்க்கொண்டிருந்தது. கால்வைத்துத் தாண்டும் கற்கள் ஒன்றையும் காணோம். ஒரு முழு மரம் வேரோடு உருண்டு போனது. அக்கரையில் பூசாரியும் நாலைந்து பேரும் கையை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினார்கள். அந்த இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. வராதீர்கள் என்பது தெரிந்தது. பூசாரியே மறிக்கிறார்!

ஜெயராம் கல்லுக்குக் கல் நின்று மூச்சு வாங்குகிறவர். அந்தச் சண்டை நடந்திராவிட்டால் அந்நேரம் அவர்கள் எங்கே நின்றிருப்பார்கள் என்று இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. காமாக்ஷி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறது என்று அவர் சொல்லும்வரை விடவில்லை.

இக்கரையிலேயே நின்று கும்பிட்டார்கள். "நடத்திக் கூட்டிண்டு வந்துட்டேன்," என்று சாஸ்தாவிடம் சொன்னாள். "வாசலை நீதான் தண்ணி விட்டு மூடிண்டே. இனிமே என்மேல குத்தம் இல்லை."

6

அவருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். பெயரில்லாத ஆளை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் எழுதுவது?

மகாராஜன் என்று வைத்துப் பார்த்தேன். அப்படியானால் அவர் சாஸ்தாவைக் கும்பிடுகிற உள்ளூர்க்காரர், அந்தப் பாதையின் வழக்கம் தெரியும். மறித்தால் தன் தலையில் விடியும் என்று நம்புகிறவர், நம்பிக்கொண்டே மறித்திருக்கிறார். அது சின்ன விஷயமில்லை. பீர் மைதீன் என்று வைத்தேன். உடனே கதை மேடையேறி நல்லிணக்கம் பேசத் தொடங்கிவிட்டது. பள்ளி ஆண்டுவிழாவில் நாடகமாகப் போட்டுவிடுவார்கள். சாலமோன் என்று வைத்தால், சாலமோனுக்கு உத்திரத்தன்று அங்கே என்ன வேலை என்று தூத்துக்குடிக்காரர் போன் போடுவார். பெயர் மாறமாற அவர் செய்த ஒரே காரியம் வேறு வேறு காரியமாக மாறியது. எனக்கு இது பிடிக்கவில்லை. தண்ணீர் ஏறியதும் அவர் சத்தம் போட்டதும் எல்லாப் பெயருக்கும் ஒன்றுதானே?

"நெத்தில திருநீறு இருந்துதா டீச்சர்?"

"இருந்திருந்தாலும் தண்ணில போயிருக்கும். கும்பிட்டுட்டு வந்தார்னு நானாத்தான் சொன்னேன். பேரே வேண்டாம் சார். வேற பேரைப் போட்டா, படிக்கறபோது யாரையோ சொல்லியிருக்குன்னு தாண்டிப் போயிடுவார்."

இலக்கியக் காரணம் எதுவும் எனக்கு இவ்வளவு சரியாகப் பட்டதில்லை.

7

முடிவுகள். இருப்பதைச் சொல்கிறேன்.

(அ) அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்ட். காமாக்ஷி அவரைக் கூட்டத்தில் பார்க்கிறாள். ஓடிப்போய்க் கைகூப்புகிறாள். அவர் கண் கலங்க...

"எனக்கு மூஞ்சியே ஞாபகம் இல்லைன்னேனே," என்றார் காமாக்ஷி. "பஸ் ஸ்டாண்ட்ல ஒவ்வொருத்தரையா சத்தம் போடச் சொல்லித்தான் கண்டுபிடிக்கணும்."

(ஆ) வந்தது மனுஷனே இல்லை, சாஸ்தாதான்.

இதற்குத்தான் ஆதரவு அதிகம். ப்ரீதா நடந்ததை எழுதி வாட்ஸ்அப் குழுக்களில் போட்டபோது, தெரிந்தவர் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். தெரிந்தவர் ஒருவரும் வரவில்லை. கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. நாத்தனார் போனிலேயே அழுதுவிட்டார்: சாமியே நேரில் வந்து மறித்திருக்கிறார், நீ கொடுத்துவைத்தவள். எனக்கும் அந்த முடிவின்மேல் சபலம் உண்டு. மயிர்க்கூச்செறியும். பத்திரிகை ஆசிரியருக்கும் பிடிக்கும்.

காமாக்ஷி ஒத்துக்கொள்ளவில்லை. "சாமின்னு சொல்லிட்டா நமக்குச் சௌகரியம் சார். ஒரு தேங்காயோட முடிஞ்சுடும். அவர் மனுஷர். சொட்டச் சொட்ட நின்னார், பல்லு கிட்டித்து. கீழே போய் பஸ் பிடிக்கணும். என்கிட்ட பேச்சு வாங்கிண்டு நிக்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து? வந்தவா எல்லாரும் நல்லவாதான். நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போனா. இவரும் சொல்லிட்டுப் போயிருக்கலாம். நின்னாரே."

(இ) அறிவுரை முடிவு. மலைப்பாதையில் அந்நியர் சொல்லைக் கேளுங்கள் என்று முடித்துவிடலாம். இதில் ஒரு சிக்கல்.

"நான் அவர் சொன்னதைக் கேட்கவே இல்லையே சார்," என்றார் காமாக்ஷி. "கேட்டிருந்தா என்மேலயும் கொஞ்சம் பெருமை சேரும். இதுல என் பங்குன்னு ஒண்ணுமே இல்லை. கேட்கமாட்டேன்னவகிட்ட நின்னு பேசினார், நாங்க இருக்கோம். அதை எழுதுங்கோ."

எழுதிவிட்டேன்.

8

முழுவதையும் அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். ஜெயராம் பழம் சாப்பிட்ட இடத்தில் சிரித்தார். நன்றி என்ற சொல்லை நான் முடிவில் இன்னும் அழுத்திப் போட வேண்டுமோ என்று காமாக்ஷியிடம் கேட்டேன்.

"நன்றி இருக்கட்டும் சார். அதை நான் தினம் சொல்லிண்டுதான் இருக்கேன். ஆனா அவருக்குத் தெரியாதே."

"என்ன தெரியாது?"

"நாங்க போகலேன்னு."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"அவர் கடைசியா திரும்பிப் பார்க்கறச்சே நாங்க மேலே நடந்துண்டிருந்தோம். அதைத்தான் பார்த்துட்டுப் போனார். மறுநாள் பேப்பர்ல, மலையோடை வெள்ளத்துல ரெண்டு பேர் அடிச்சுண்டு போனான்னு போட்டிருந்தான். அது வேற ஓடை, வேற யாரோ, பாவம். பேர்கூடப் போடலை. அதை அவர் படிச்சிருந்தார்னா?"

ஜெயராம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் நின்னிருந்தா நிறுத்தியிருக்கலாமேன்னு அந்த மனுஷர் நினைச்சுண்டே இருப்பாரே சார். எங்களைக் காப்பாத்திட்டு, காப்பாத்த முடியலேன்னு தூங்காம இருப்பாரே."

இத்தனை நாள் நன்றிக்கதை எழுதுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் மாவுக் கடையில் என்னிடம் கேட்டது, முகவரி தெரியாத ஒருவர் நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை இறக்கிவைக்க முடியுமா என்று.

இதற்கு என்னால் முடிவு எழுத முடியாது. எழுதவும் மாட்டேன். அது உங்களில் யாரிடமாவது இருக்கலாம். உங்கள் சித்தப்பாவோ, அலுவலக நண்பரோ, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரோ, பங்குனி உத்திரத்தன்று ஒரு மலைப்பாதையில் ஒரு அம்மாளிடம் வீணாகக் கத்திவிட்டு வந்ததைப் பற்றி எப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றியிருக்கலாம். அவரைக் கண்டால் இந்தக் கதையைப் படிக்கச் சொல்ல வேண்டாம். கதை எழுதுவதையே கதையாக்கும் மீபுனைவெல்லாம் அவருக்கு எதற்கு. இதை மட்டும் சொல்லுங்கள், முடிந்தால் கொஞ்சம் சத்தமாக:

அவர்கள் ஓடையில் இறங்கவில்லை. ரெண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.